பச்சைக்காரி

மூன்று மடிப்பு உள்ள மறைப்பு அது. இரும்புக் குழாய்ச் சட்டம், அதில் இறுக்கிக் கட்டிய பச்சைக் காடாத்துணி, அடியில் மரச் சக்கரங்கள். சக்கரங்களை ஊர் ஆசாரி ஒருவர் செய்து போட்டிருந்தார். ஒன்றாவது சரியான வட்டமாக இல்லை. எண்ணெய் விட்டாலும் மறுநாளே பழையபடி ஆகிவிடும். செங்கல் தரையில் உருட்டும்போது கன்றுக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் வரும். பெண்கள் வார்டின் மேற்கு மூலையில், மருந்து அலமாரிக்குப் பக்கத்தில், அதை மடித்துச் சாத்தி வைத்திருப்போம். சத்தம் கேட்டதும் வார்டில் பேச்சு நின்றுவிடும். கட்டிலில் கிடக்கிறவர்கள் தலையைத் தூக்கி, சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். தன் கட்டிலைத் தாண்டிப் போய்விட்டால் மூச்சு விடுவார்கள். அந்த மறைப்பை ஒருநாள் கொண்டுபோகக் கூடாத கட்டிலுக்குக் கொண்டுபோன ஒரு பெண்ணைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

முப்பதுகளில், திருவிதாங்கூர் மகாராஜா ஆட்சியில், கருங்கலுக்குக் கிழக்கே இருந்த ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு டாக்டர், ஒரு ஹெட் நர்ஸ், எண்ணிவிடக்கூடிய அளவு நர்ஸுகள். ஆனி, ஆடி மழையில் காய்ச்சல் பரவினால் கட்டில் போதாது; தரையில் பாய் போட்டுக் கிடத்துவோம். பாய்க்கும் பாய்க்கும் நடுவில் கால் வைக்க இடம் தேடித்தான் நடக்கவேண்டும். ஒரு வார்டு முழுவதற்கும் ஒருத்தி. அவளே மருந்து கொடுக்கவேண்டும், அவளே மலச்சட்டி எடுக்கவேண்டும், செத்தால் அவளே கண்ணை மூடிவிட வேண்டும். இப்போது மேடையில் நர்ஸ் வேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் புன்னகை, பொறுமை என்று என்னென்னவோ சொல்கிறார்கள். உட்கார நேரம் இல்லாதவளுக்கு எங்கிருந்து வரும் புன்னகை? பாதத்தில் வெடிப்பு, கையில் கார்பாலிக் திராவகம் பட்டு உரிந்த தோல், வயிற்றில் காலையில் குடித்த கஞ்சி. இவ்வளவுதான் எங்களிடம் இருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் மறைப்பு ஒன்றுதான் இருந்தது. ஒன்றே ஒன்று இருக்கும்போது அதை எதற்கு வைப்பார்கள்? பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் முடிவு செய்த கட்டிலைச் சுற்றி வைப்போம். மற்றவர்கள் பார்த்துப் பயப்படக் கூடாது என்பது அதற்குக் காரணம். அதோடு டாக்டரின் ஒரு கட்டளையும் உண்டு. சாகப்போகிறாள் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் வீட்டார் அலறுவார்கள், வார்டே அலறும். யார் கேட்டாலும் "ஒண்ணுமில்லே" என்று சொல்லவேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குக் கற்றுக்கொடுத்த வார்த்தை அதுதான். புண் கழுவுவதைக்கூடப் பிறகுதான் கற்றுக்கொண்டோம். மகள் கேட்டால் ஒண்ணுமில்லே. புருஷன் கேட்டால் ஒண்ணுமில்லே. மறைப்புக்குள் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும், வெளியே நின்று நாங்கள் ஒண்ணுமில்லே என்று சொல்லிக்கொண்டிருப்போம். விடிந்தால் கட்டில் காலியாக இருக்கும், மெத்தை வெயிலில் கிடக்கும். ஜனங்களை முட்டாள் என்று நினைத்திருந்தார்கள் பெரியவர்கள். ஜனங்கள் இரண்டே சாவில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார்கள்.

அந்த மறைப்புக்குப் பெயர் வைத்தது குளச்சலில் இருந்து வந்த ஒரு மீன்காரி. கால் எலும்பு முறிந்து, பலகை வைத்துக் கட்டி, மாதக்கணக்கில் கிடந்தவள். அவள் நாக்குக்கு மட்டும் கட்டுப் போட முடியவில்லை. சக்கரச் சத்தம் கேட்டதும், "ஏட்டி, பச்சைக்காரி வாறா. இண்ணைக்கு எவளப் பொண்ணு கேட்டு வாறாளோ" என்பாள். தன் பக்கம் வருவதுபோல் தெரிந்தால், "எனக்க பக்கம் திரும்பாதட்டி, எனக்கு இனியும் மீன் விக்கணும்" என்று கையை வீசி விரட்டுவாள். சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே, யாரும் சொல்லாமல், சில காரியங்களைச் செய்வார்கள். பக்கத்துக் கட்டில்காரிகள் தண்ணீர்ச் செம்பைத் தட்டால் மூடுவார்கள். சாவு நடக்கிற இடத்தில் திறந்து வைத்த தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். சிறு பிள்ளை வைத்திருக்கிறவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவாள். மீன்காரி தலையணைக்கு அடியிலிருந்து ஜெபமாலையை எடுப்பாள். இந்துவோ, வேதக்காரியோ, துலுக்கச்சியோ, எல்லாரும் இதில் ஒரே மாதிரி. வார்டுக்கென்று தனியாக ஒரு சடங்கு முளைத்திருந்தது. நர்ஸுகளான எங்களுக்கும் அது தெரியும். தெரியாதவர் ஒருவர்தான் இருந்தார்.

அவர்தான் ஹெட் நர்ஸ். கோட்டயம் பக்கத்துக்காரர், கிறிஸ்தவர், விதவை. மூத்தம்மா என்று கூப்பிடுவோம். நாங்கள் பேசுகிற தமிழ் அவருக்கு முக்கால்வாசி புரியும். அவர் மலையாளம் எங்களுக்கு முக்கால்வாசி புரியும். மீதி இருந்த கால்வாசியை இரண்டு பக்கமும் யாரும் பொருட்படுத்தவில்லை. வெள்ளைச் சட்டையும் முண்டும் எப்போதும் கஞ்சி போட்டு மொடமொடப்பாக இருக்கும். வார்டில் நர்ஸுகள் நோயாளிகளோடு வாயாடக் கூடாது என்பது அவருடைய சட்டம். வேலை கெடும், மரியாதை கெடும் என்பார். மீன்காரி பேச்சுக் கொடுத்தால் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு போகவேண்டும். அதனால் பச்சைக்காரி என்ற பெயர் அவர் காதுக்குப் போகவே இல்லை. அவர் வருகிற சத்தம் கேட்டால் வார்டு அடங்கிவிடும். அடங்கியதை அவர் ஒழுங்கு என்று நினைத்தார்.

ஆனால் ஜனங்களின் பழக்கவழக்கத்தைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் அந்தக் கவலை அதிகம். யார் யார் கையால் கஞ்சி குடிக்கமாட்டார்கள், யாருக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய் கூடாது, அய்யாவழிக்காரர் நெற்றியில் இட்ட நாமத்தை அழித்துவிட்டு நெற்றிப் புண்ணுக்கு மருந்து போட்டால் மனம் எப்படி நோகும், எல்லாம் சேர்க்கும்போதே வீட்டாரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். வடக்கே முன்பு வேலை செய்த ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்று அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அங்கே ஒரு முஸ்லிம் பெண்ணை ஆண் டாக்டர் மறைப்பில்லாமல் பரிசோதித்துவிட்டாராம். புருஷன் வந்து பார்த்துவிட்டு, அப்போதே அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டானாம். அவள் பிழைக்கவில்லை. இனி என் கையில் அப்படி நடக்காது என்று மூத்தம்மா எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு ஒரு மறைப்பு இருந்தது, அன்று வைக்க மறந்துவிட்டார்கள். எங்களிடம் இருந்தது ஒன்று. இந்த வித்தியாசத்தில்தான் எல்லாம் கிடந்தது.

அந்த ஆடி மாதத்தில் தேங்காய்ப்பட்டணத்தில் இருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தலைப்பிரசவம் வீட்டில் நடந்து, குழந்தை நன்றாகப் பிறந்து, தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. குழந்தையை வீட்டிலேயே விட்டுவிட்டு, இவளை வண்டியில் போட்டு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். புருஷன் கொழும்பில் கடையில் இருந்தான். கூட இருந்தது அவளுடைய உம்மா. டாக்டர் ஆபரேஷன் அறையில் வைத்து, உள்ளே துணி வைத்து அடைத்து இரத்தத்தை நிறுத்தினார். கட்டிலின் கால்மாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் அடுக்கி உயர்த்தி, அசையக் கூடாது, எழுந்து உட்காரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தோம். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தவளுக்கு மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. பாலும் கஞ்சித்தண்ணீரும் இறங்கின. உம்மா ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டாள். மகளுடைய பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வீட்டில் இருக்கும் குழந்தை யார் சாயல் என்று மீன்காரியோடு வாதாடுவாள். "மூக்கு அவனுக்க வாப்பாக்க மூக்காக்கும்" என்பாள். "அப்போ தும்மினா கொழும்புக்குக் கேக்கும்" என்பாள் மீன்காரி. அந்தப் பெண் சிரிப்பாள்; சிரிக்கும்போது வயிறு குலுங்கக் கூடாது என்று நான் அதட்டுவேன். பிழைத்துக்கொண்டிருந்தாள். இதை அழுத்திச் சொல்கிறேன். அவள் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களில்தான் எதிர்க் கட்டிலில் ஒரு கிழவி காய்ச்சலில் மோசமானாள். பச்சைக்காரி போனாள். தண்ணீர்ச் செம்புகள் மூடப்பட்டன. உம்மா முதல் தடவையாக அதைப் பார்த்தாள். என்னை நிறுத்திக் கேட்டாள்.

"மக்கா, அந்தக் கெழவிக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லே உம்மா. உறங்கட்டும்."

மறுநாள் காலையில் மெத்தை வெயிலில் கிடந்தது. உம்மா அந்த மெத்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மற்றவர்களிடம் விசாரித்திருக்கிறாள். பிணத்தை எங்கே வைத்திருந்தார்கள், யார் எடுத்தார்கள் என்று. சாயங்காலத்துக்கு மேல் செத்தால் விடியும்வரை பின்பக்கத்துக் கொட்டகையில்தான் கிடத்துவோம். காவல் இருப்பவன் ஒரு ஆண். எடுத்துக் கிடத்துகிறவனும் அவன்தான். தன் மகளின் உடம்பை அன்னிய ஆண் தொட்டுத் தூக்கி ஒரு கொட்டகையில் எறிவான் என்பது எந்தத் தாய்க்கும் கசக்கும். மய்யித்தை, இறந்த உடலை, குளிப்பாட்டுவதும் துணி உடுத்துவதும் தங்கள் பெண்கள் கையால்தான் என்று வாழ்கிற ஜனங்களுக்கு அது சாவைவிடப் பெரிய பயம். இதை எந்த டாக்டரும் அவளிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வாள்? நாங்கள்தான் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தோமே.

அதற்கு அடுத்த நாள் காலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வைத்த துணியை டாக்டர் அன்றைக்கு எடுப்பதாக இருந்தது. அது முடிந்தால் பாதி ஆபத்து கடந்த மாதிரி. அதற்குள் பனையிலிருந்து விழுந்த ஒருவரைத் தட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழுக்கும் என்று தெரிந்தும் ஏறியிருக்கிறார். ஏறாவிட்டால் அடுப்பு எரியாது. டாக்டர் ஆபரேஷன் அறைக்குப் போனார். கூட என்னை இழுத்துக்கொண்டார். வார்டில் மூத்தம்மாவும் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணும்தான். இன்னொருத்தி காய்ச்சலில் தானே படுத்துவிட்டாள். மூத்தம்மா அதற்கு முந்திய இரவும் உறங்கவில்லை. அவர் கண் சிவந்து, ஒரே மருந்தை இரண்டு தடவை அளந்ததை நான் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

பிறகு நடந்ததை அந்தப் புதுப் பெண் அழுதுகொண்டே சொல்லித்தான் தெரியும். மூத்தம்மா நோயாளியைத் தயார் செய்திருக்கிறார். டாக்டர் வரப்போகிறார். முஸ்லிம் பெண். ஆண் டாக்டர். மழைக்கு வராந்தாவில் ஒதுங்கி நின்ற ஆண்கள் வேறு சன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். அவர் மேற்கு மூலைக்குப் போய், மறைப்பை விரித்து, உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். சத்தம் வந்ததும் வார்டு அடங்கியது. சக்கரம் அந்தக் கட்டிலுக்குத் திரும்பியது. மூன்று பக்கமும் பச்சைத் துணியை இழுத்து நிறுத்திவிட்டு, உம்மாவின் தோளில் தட்டி, அன்பாக, "பேடிக்கண்டா. ஒண்ணுமில்லா" என்று சொல்லியிருக்கிறார். பயப்படாதே, ஒன்றுமில்லை. சொல்லிவிட்டு வாந்தி எடுத்த ஒரு பிள்ளையிடம் ஓடியிருக்கிறார்.

டாக்டர் வரவில்லை. பனையிலிருந்து விழுந்தவருடைய வயிற்றைத் திறந்தால் உள்ளே எல்லாம் கிழிந்து கிடந்தது. மணிக்கணக்காக நாங்கள் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. அவ்வளவு நேரமும் மறைப்பு அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றது. பக்கத்துக் கட்டில்காரி செம்பை மூடினாள். பிள்ளைக்காரி வெளியே போனாள். மீன்காரி சிரிக்கவில்லை, மாலையை எடுத்து உருட்டத் தொடங்கினாள். அதுவரை வாதாடிக்கொண்டிருந்தவள் இப்போது கண்ணை மூடி உதட்டை அசைப்பதை உம்மா பார்த்தாள். யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லை. உம்மா வாசலுக்குப் போய், வெற்றிலைக் கடையில் நின்ற ஒரு வண்டிக்காரனிடம் தேங்காய்ப்பட்டணத்துக்குத் தகவல் சொல்லி அனுப்பினாள். திரும்பி வந்து மறைப்புக்குள் நுழைந்து, சாகப்போகிறவர்களுக்குச் சொல்லும் கலிமாவை மகள் காதில் ஓதத் தொடங்கினாள். அதைக் கேட்டதும் அந்தப் பெண்ணுக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் பாலைத் தொடவில்லை.

நான் ஆபரேஷன் அறையை விட்டு வந்தது விளக்கு ஏற்றும் நேரம். வந்ததுகூட, மூத்தம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, தேங்காய்ப்பட்டணத்துப் பெண்ணைக் கொண்டுபோகிறார்கள் என்று டாக்டரிடம் கத்தியதால்தான். டாக்டர் தலையைத் தூக்கவில்லை. "கட்டியா போட முடியும்? போறவங்களை விடுங்க. கைநாட்டு வாங்கிக்கோங்க" என்றார். கையில் ஒரு உயிர் போய்க்கொண்டிருந்தது அவருக்கு. ஆனாலும் அந்த வார்த்தைக்கு நான் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை. நான் கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். வார்டில் நுழைந்ததும் மறைப்பு எந்தக் கட்டிலைச் சுற்றி நிற்கிறது என்று பார்த்தேன். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பெண்ணின் வாப்பாவும் அவருடைய மூத்த மகனும் இன்னும் சிலரும் வந்திருந்தார்கள். முண்டு முழங்கால்வரை நனைந்திருந்தது. அவளைப் பாயோடு தூக்கியிருந்தார்கள். நான் மறைப்பை ஒரு கையால் தள்ளினேன். அது சுவரில் போய் மோதிக் கத்தியது.

"வாப்பா, கீழே வையுங்க. இவ பிழைச்சவ. டாக்டர் பாக்கதுக்காகத்தான் மறைப்பு வச்சது."

"மக்கா, உங்களைக் குத்தம் சொல்ல வரல்ல" என்றார் அவர். குரல் உயரவே இல்லை. "நல்லா நோக்கினிய. எனக்க பிள்ள எனக்க வீட்டுல கெடந்து போவட்டும்."

"போவமாட்டா. அவளுக்கு ஒண்ணுமில்லே."

அந்த வார்த்தை தானாக வந்து விழுந்தது. உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். பொய் சொல்லத் தெரியாத ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அந்தக் கெழவிக்கும் நீ இதத்தானே மக்கா சொன்னே."

எத்தனை வாசலில் நின்று எத்தனை பேரிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறோம். எல்லாத் தடவையும் பொய். உண்மையாக இருந்த ஒரே தடவை அன்றுதான். அந்தப் பெண்ணிடமே கேட்போம் என்று குனிந்தேன். கண் திறந்துதான் இருந்தது. "உம்மா, இஞ்ச வேண்டாம்" என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

வெளியே வைக்கோல் விரித்த வண்டி நின்றது. மேலே ஓலைப்பாய் வளைத்துக் கட்டியிருந்தார்கள். மூத்தம்மா மழையில் இறங்கி நின்று வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைப் பிடித்துக்கொண்டார். கஞ்சி போட்ட சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. "இளக்கினா சோர வரும், இளக்கினா சோர வரும்" என்று இரண்டு மொழியையும் கலந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அசைத்தால் இரத்தம் வரும் என்று அவர்களுக்கும் புரிந்தது. புரிந்து என்ன? செத்துக்கொண்டிருக்கிறவளுக்கு இரத்தம் வந்தால் என்ன என்று நினைத்திருப்பார்கள். மூத்த மகன் இறங்கி வந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். முரட்டுத்தனம் இல்லாமல் எடுத்தான். "அம்மா, கைய விடுங்க. சக்கரம் உருண்டா கை போயிரும்" என்றான். வண்டி நகர்ந்தது. அந்தச் சக்கரமும் கத்தியது.

மறுநாள் அந்த வண்டிக்காரன் வெற்றிலைக் கடையில் நின்று சொன்னான். "கருங்கல் தாண்டும்போ வைக்கல் நனைஞ்சு போச்சு. மழைத் தண்ணின்னு நெனச்சோம்." பனையிலிருந்து விழுந்தவரும் விடியுமுன் போய்விட்டார்.

மூத்தம்மாவிடம் வண்டி போன அந்த இரவே நான் சொல்லிவிட்டேன். பூசி மெழுகவில்லை. மறைப்புக்கு வார்டு வைத்த பெயர், செம்பு மூடுவது, மாலை உருட்டுவது, எல்லாம் சொன்னேன். அவர் ஈரச் சட்டையோடு மருந்து அலமாரிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, இதை ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள்தானே வாயை மூடச் சொன்னீர்கள் என்றேன். அவ்வளவு கடுமையாகப் பேசியிருக்க வேண்டாம் என்று பிறர் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. யாராவது முன்பே அப்படிக் கடுமையாகப் பேசியிருந்தால் ஒரு குழந்தைக்குத் தாய் இருந்திருப்பாள்.

கொஞ்ச நாள் கழித்து வாப்பா ஒருவராக வந்தார். ஆஸ்பத்திரிப் போர்வை ஒன்று அவளோடு போயிருந்தது. அதைத் துவைத்து, மடித்து, கொண்டுவந்திருந்தார். கறை முழுவதும் போகவில்லை. மடிப்புக்கு உள்பக்கமாக வைத்திருந்தார். மூத்தம்மாவின் முன்னால் நின்று, தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"அம்மா, வாயால சொல்லக் கூடாதுன்னு உங்களுக்குச் சட்டம் இருக்கும். எங்களுக்குத் தெரியும். நீங்க அந்தத் துணிய வச்சு எங்களுக்கு அறிவிச்சிய. அதுனாலயாக்கும் எனக்க பிள்ள அவளுக்க உம்மாக்க மடியில, கலிமா சொல்லி, மௌத்தாச்சு. இல்லேன்னா அந்தக் கொட்டகையில கெடந்திருப்பா. இந்த உபகாரத்த மறக்கமாட்டோம்."

நான் வாயைத் திறந்தேன். மூத்தம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. எலும்பு நோகும்படி பிடித்தார். அவர் வாப்பாவைப் பார்த்துத் தலையை அசைத்தார், போர்வையை வாங்கிக்கொண்டார். வாப்பா போனபிறகு, அந்த மனிதருக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான், அதையும் நான் பிடுங்கவா என்று கேட்டார். அது இரக்கமா, எங்கள் பழைய ஒண்ணுமில்லேயின் இன்னொரு வடிவமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எது என்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. இன்னும் சில மறைப்பு வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டார். சர்க்காரில் பணம் இல்லை என்று பதில் வந்தது. அடுத்த நாள் காலையில் மறைப்பைத் தானே உருட்டிக்கொண்டு நேராக மீன்காரியின் கட்டிலுக்குப் போனார். வார்டு கல்லாகிவிட்டது. துணியை விரிக்கும் முன்னே, குளிப்பாட்டப் போகிறோம், துடைத்துவிட்டு எடுத்துவிடுவோம் என்று தமிழில், பிழையோடு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"குளிப்பாட்டதுக்கா?" என்றாள் மீன்காரி. முகம் வெளுத்திருந்தது, நாக்கு வெளுக்கவில்லை. "செத்த பொறவும் குளிப்பாட்டத்தானே செய்வாவ."

குளிப்பாட்டி, தலை சீவி, மறைப்பை எடுத்ததும் வார்டு முழுவதும் அவளையே பார்த்தது. "என்னட்டி பாக்குதிய. போயிட்டு வந்துட்டேன்" என்றாள். முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லாரும். அன்று முதல் தினமும் காலையில் மறைப்பு ஒவ்வொரு கட்டிலாகப் போனது. போகும் முன்னே, எதற்கு என்று சொல்லவேண்டும். சாகிறவளின் வீட்டாரைத் தனியே கூப்பிட்டு, சாகிறாள் என்று சொல்லவேண்டும். ஒண்ணுமில்லே என்ற வார்த்தையை வார்டில் யார் சொன்னாலும் மூத்தம்மா திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வை போதும். வேலை இரட்டிப்பானது. எல்லாரும் முணுமுணுத்தோம், நானும்தான். முதல் வாரத்தில் பயந்து எழுந்து வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. பிறகு மெல்ல மெல்ல செம்பு மூடுவது குறைந்தது. சக்கரம் கத்தினாலும் பேச்சு நிற்கவில்லை. மூத்தம்மா மட்டும் தேய்ந்துகொண்டே போனார். உறக்கம் இல்லை, சாப்பாடு இல்லை. யாரைக் கண்டாலும் விளக்கிச் சொல்லத் தொடங்கிவிடுவார். மாத்திரை விழுங்கப்போகிறவளிடம் மாத்திரையைப் பற்றி அவ்வளவு நேரம் பேசுவார். மழை பெய்தால் சன்னலோரம் போய் நிற்பார். அப்போது அவர் வலது கை தானாக எதையோ பிடிப்பதுபோல் மூடும்.

ஒரு வருஷத்துக்குள் அவரை வடக்கே மாற்றினார்கள். போகும்போது எங்கள் யாரிடமும் விடைபெறவில்லை. மறைப்புச் சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போனார். பிறகு என்ன ஆனார் என்று தெரியாது. அடுத்து வந்தவர் படித்தவர், கெட்டிக்காரர். கட்டில் கட்டிலாக மறைப்பை உருட்டுவது வீண் வேலை என்று முதல் வாரத்திலேயே நிறுத்தினார். மறைப்பு மேற்கு மூலைக்குத் திரும்பியது. எண்ணெய் காய்ந்தது. ஒரு நாள் மத்தியானம் அது மறுபடி கத்தியபோது, வாசல் பக்கத்துக் கட்டிலில் புதிதாக வந்த ஒருத்தி, எதற்கென்று தெரியாமலே, தன் செம்பைத் தட்டால் மூடியதை நான் பார்த்தேன்.

போன மாதம் நான் நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வயதானவளுக்கு வருவது வந்தது. பெரிய கட்டிடம், பளிங்குபோல் தரை. இப்போது கட்டிலுக்குக் கட்டில் திரை இருக்கிறது. மேலே கம்பியில் வளையம் போட்டுத் தொங்குகிறது, சக்கரம் கிடையாது. மூத்தம்மா கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். மத்தியானம் ஒரு சின்னப் பெண் வந்தாள். வெள்ளை உடுப்பு, கண்ணில் உறக்கம், நடையில் அவசரம். எத்தனை கட்டிலுக்கு அவள் ஒருத்தியோ. ஒன்றும் பேசாமல் திரையைப் பிடித்து இழுத்தாள். வளையங்கள் கம்பியில் கிறீச்சிட்டன. ஒரு பக்கம் மூடியது, இன்னொரு பக்கம் மூடியது. பச்சைத் துணி. வேறு நிறம் அவர்களுக்குக் கிடைக்கவே இல்லையோ, தெரியாது. இந்த வேலையில் முடி நரைத்தவள் நான். இருந்தும் என் கை கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கட்டிலில் யாரோ செம்பை மூடுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டேன்.

"எதுக்கு மக்கா திரை?" என்றேன்.

"ஒண்ணுமில்லேம்மா" என்றாள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். திரையைப் பிடித்து, அவள் கையோடு சேர்த்து, பாதிவரை திறந்தேன்.

"அந்த வார்த்தையச் சொல்லாதே" என்றேன். "என்னன்னு சொல்லு. சொல்லிட்டு மூடு."